ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவே

அந்த டிரைவர் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அலுவலகத்தைப் பூட்டுகிற நேரம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்கடக்கமான நோட்டு ஒன்றை எடுத்து என் மேசைமேல் விரித்தார். வியர்வையில் ஊறி அட்டை உப்பியிருந்தது. உள்ளே தேதிவாரியாகக் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார், ஐந்தாவதுக்கு ஒரு குறுக்குக்கோடு.

"போன மாசம் நூத்தி நாப்பத்திரண்டு நடை அடிச்சிருக்கேன் சார். நூத்திப் பதினெட்டுக்குத்தான் பேட்டா வந்திருக்கு. ஓனரைக் கேட்டா உங்க ஆபீஸ் கணக்குங்கறாரு."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "சிஸ்டத்துல நூத்திப் பதினெட்டுதாங்க இருக்கு."

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு "சரிங்க சார்" என்று கிளம்பிவிட்டார். சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த "சரிங்க சார்" இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை.

அரியலூரில் கல்லங்குறிச்சி சாலையில் இரண்டு அறையில் கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். லாரி ஓனர்கள், சிமெண்ட் ஏஜென்சிக்காரர்கள், ஒன்றிரண்டு ஹார்டுவேர் கடைகள். இவர்களுக்கு வரவுசெலவு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது பிழைப்பு. எங்கள் ஊரில் எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் அது கடைசியில் சுண்ணாம்புக்கல்லில் போய்த்தான் முட்டும். சுரங்கத்தில் கல் ஏற்றி ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பினால் டிப்பருக்கு அது ஒரு நடை. டிரைவருக்கு நடைக்கு ஐம்பது ரூபாய் பேட்டா. ஏற்றுகிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்து வண்டி எண், நடை, டீசல் எல்லாவற்றையும் கையால் எழுதி அன்றன்றைக்குத் தாளை அனுப்புவார். பதினான்கு வருஷம் அந்தத் தாள்களைப் பார்த்து டேலியில் ஏற்றியவர் என் உதவியாளர். போன ஆண்டு மகன் படிப்புக்காகத் திருப்பூர் பக்கம் குடிபோய்விட்டார். அவர் நாற்காலிக்கு நான் ஆள் எடுக்கவில்லை. தாளைக் கைபேசியில் படம்பிடித்துக் கொடுத்தால் எழுத்தைப் படித்துக் கட்டங்களில் நிரப்பிவிடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதன் மாதச் சந்தா அவருடைய சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கணக்குப் பார்த்தே வயிறு வளர்க்கிறவனுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த மாதத் தாள்களை எல்லாம் வெளியே எடுத்தேன். கண்ணில் ஒன்றும் சிக்கவில்லை. நான்கு நாள் மட்டும் அந்த வண்டிக்கு ஒரே ஒரு நடை என்று இருந்தது. வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மனசு கேளாமல் ஒரு தாளைப் படமெடுத்துத் திருப்பூருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, போன் வந்தது.

"அது ஏழு சார். அந்த அண்ணன் ஏழு போட்டா கழுத்து வளையாது, நெட்டுக்குத்தா நிக்கும். ஒண்ணுன்னா அடியில சின்னதா ஒரு கோடு இழுப்பாரு. கோடு இல்லேன்னா ஏழுதான்."

நாலாறு இருபத்துநாலு. 142-இல் 24 போனால் 118. மூன்று மாதத் தாள்களைத் தேடிப்பார்த்தால் இந்த ஒரு டிரைவருக்கே பதினோரு நாள் அடிபட்டிருந்தது, 3,300 ரூபாய். இன்னும் எட்டுப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தது. அவர்கள் யாரும் நோட்டுப் போட்டு வைக்கிறவர்கள் இல்லை. அதனால் யாரும் வரவில்லை.

மென்பொருளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்று மாதிரி இருந்ததை ஒன்று என்று படித்தது. கழுத்து வளையாத ஏழைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு உறுத்தியதெல்லாம் என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம்தான். சிஸ்டத்துல நூத்திப் பதினெட்டுதாங்க இருக்கு.

இந்த ஊர்க்காரன் அப்படிச் சொன்னதில் வெட்கம் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரிக்கப்பட்டு, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பது பேருக்குமேல் இறந்துபோனார்கள். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. ஆற்றங்கரைக்குப் போனவர்கள் திரும்பிவந்து சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்வார், அதற்குமேல் சொல்ல மாட்டார். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதம் முன்னால் மஹபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர். அப்போது தடுத்துவிட்ட நேரு இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணமில்லை, ஆனாலும் இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பது நேரு தந்த விளக்கம்.

மேடையில் சொல்லிச் சொல்லி இந்தக் கதையைத் தேய்த்துவிட்டோம் என்று தெரியும். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்வார்கள். எங்களுக்கு அது ரயிலில் திருச்சி போகும்போதெல்லாம் சக்கரச் சத்தம் மாறுகிற இடம். (அரியலூர் மாவட்டம் இப்போதிருக்கும் வடிவில் பிறந்ததும் ஒரு நவம்பர் 23-தான், 2007-இல். யாரும் யோசித்து வைத்த தேதியாகத் தெரியவில்லை.) பாலத்தைச் சாஸ்திரி கட்டவில்லை. தண்டவாளத்தை அவர் போய்ப் பார்த்திருக்கவும் முடியாது. பொறியாளர் அறிக்கையைத் திருப்பிக் காட்டி, இதில் பாலம் நன்றாக இருப்பதாகத்தான் இருக்கிறது என்று அவரும் சொல்லியிருக்கலாம்.

சிஸ்டத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. 1999 முதல் அங்கே அஞ்சலகங்களில் ஹொரைஸன் என்ற கணினிக் கணக்கு முறையை வைத்தார்கள். கணினி பணம் குறைகிறது என்றது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். அஞ்சல் நிறுவனமும் நீதிமன்றங்களும் கணினியைத்தான் நம்பின. தொள்ளாயிரம் பேருக்குமேல் தண்டனை பெற்றார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினர் பலர். சீமா மிஸ்ரா என்ற பெண் 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். பிழை மென்பொருளில் இருந்தது நிரூபணமாகி, தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம் சொல்லப்பட்ட பதில்தான் என்னை உலுக்கியது: வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான். நோட்டுப் போட்டு வைத்த என் டிரைவரும் அப்படித்தான் ஒற்றை ஆளாக என் எதிரில் நின்றார்.

ஆனால் பொறுப்பேற்பது பாதிக் கதைதான். பிழை நடந்தபின் தலையைக் கொடுப்பது பற்றி நமக்குக் கதைகள் நிறைய உண்டு. பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களை யார் உண்டாக்குவது என்பதற்குக் கதை குறைவு. அந்த ஏழைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் திருப்பூரில் இருந்தார். அவர் போனை எடுக்காமல் போயிருந்தால் எனக்கு அது ஒன்றாகவே இருந்திருக்கும்.

என் சித்தப்பா ஒரு சிமெண்ட் ஆலையில் கில்ன் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கில்ன் என்பது சாய்வாகப் படுத்தபடி சுழலும் பெரிய இரும்பு உருளை. சுண்ணாம்புக்கல் மாவு மேல்முனையில் இறங்கிக் கீழ்முனைத் தீயை நெருங்கும்போது 1,450 டிகிரி அளவில் வெந்து கிளிங்கர் எனும் கட்டிகளாக உருளும். அந்தக் காலத்தில் நீலக் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு தீயைப் பார்ப்பார்கள். தீயின் நிறம், கிளிங்கர் சுவரில் ஏறிப் புரளும் உயரம், உள்ளே தூசு மங்கலாக இருக்கிறதா தெளிந்திருக்கிறதா, இவற்றை வைத்து நிலக்கரியைக் கூட்டுவதா காற்றைக் குறைப்பதா என்று முடிவுசெய்வார்கள். சித்தப்பா வீட்டில் குழம்பு கொதிப்பதையும் அதே மாதிரி தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியும்" என்பார்.

இந்தத் "தெரியும்" இருக்கிறதே, இதைத்தான் இயந்திரத்துக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிய வந்தது. கொஞ்சம் சூடு, ரொம்பச் சூடு என்று மனிதர்கள் பேசும் மங்கலான அளவுகளைக் கணிதமாக்கும் வழியை 1965-இல் பெர்க்லி பேராசிரியர் லோட்ஃபி ஸாதே முன்வைத்தார். ஃபஸ்ஸி லாஜிக் என்பது அதுதான். ஆலைகளில் அது நடைமுறைக்கு வந்த ஆரம்ப இடங்களில் முக்கியமானது சிமெண்ட் கில்ன். 1970-களின் கடைசியில் டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் செய்தது. தீக்கு முன்னால் நின்றவர்கள் எதைப் பார்த்து என்ன செய்தார்கள் என்பதை விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுத்தார்கள். நாம் இன்றைக்கு என்னவோ நேற்று முளைத்தது போல் பேசுகிற இந்த விவகாரம், எங்கள் ஊர் பிழைக்கிற அதே தொழிலில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. சித்தப்பா ஓய்வு பெறும்போது தீயைப் பார்க்க யாரும் கண்ணாடி பிடிக்கவில்லை. குளிரூட்டிய அறையில் திரைகள் இருந்தன.

அதில் நல்லது நிறைய. அனலில் நிற்க வேண்டியதில்லை, நிலக்கரி மிச்சம். நீலக் கண்ணாடிக்காக நான் அழப்போவதில்லை. அந்த விதிகளுக்குள் யாருடைய கண்கள் போயின என்று மட்டும் யோசிக்கிறேன். எழுதிக்கொண்டு போனதற்கு யாருக்கு என்ன கிடைத்தது?

2023-இல் எரிக் பிரின்யோல்ஃப்சனும் இன்னும் இரண்டு பொருளியலாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரைக் கவனித்தார்கள். உரையாடலின்போது என்ன பதில் சொல்லலாம் என்று திரையோரம் யோசனை சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டது. சராசரியாக 14 சதவீதம் வேலை கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். மிகத் திறமைசாலிகளுக்குப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கூடாததற்குக் காரணம் எளிது. அந்தக் கருவி கற்றுக்கொண்டதே அவர்களைப் போன்றவர்களின் பழைய உரையாடல்களிலிருந்துதான். அவர்களுடைய சரக்கை அவர்களிடமே எப்படி விற்பது? அந்தத் திறமைசாலிகளுக்கு இதற்கென்று தனியாக எதுவும் வழங்கப்படவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் மண் எனக்கு உதவிக்கு வருகிறது. எங்கள் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அடுக்குக்குப் புவியியல் நூல்களில் பெயரே கல்லங்குறிச்சிப் படிவம்தான். ஏழு கோடி ஆண்டுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த கிரைஃபியா போன்ற சிப்பிகளின் ஓடுகள் அதில் வரிசை வரிசையாகக் கிடக்கும். பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் எழுதினார். அதற்கு முன்பும் பின்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த ஓடுகளைப் பொறுக்கிக் கல்லாங்காய் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு சிப்பியும் விட்டுப்போனது கையளவு ஓடு. படிந்து படிந்து அதுதான் இன்றைக்குச் சென்னையின் அடுக்குமாடிகள். மனிதர்கள் எழுதியதையும் பேசியதையும் செய்ததையும் வாரிக் குவித்து நுண்ணறிவு இயந்திரங்களைச் செய்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு அந்தச் சுரங்கம்தான் கண்ணில் வருகிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. கல்லை எடுப்பதற்கு விதி இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் என்று அரசுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, எந்த மாவட்டத்தில் எடுக்கிறார்களோ அந்த மாவட்டத்துக்கென்று ஒரு கனிம அறக்கட்டளை வைத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால் உரிமைத்தொகையில் 30 சதவீதம் கூடுதலாக அதற்குப் போக வேண்டும், டன்னுக்கு 24 ரூபாய். தோண்டி முடித்த பள்ளத்தை என்ன செய்யப்போகிறாய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிணைத் தொகை வேறு. எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைப் பள்ளங்களைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரியும். எங்கள் வேப்பமரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்பதையும் பார்க்கலாம். இருந்தாலும் எடுத்தவன் எதையாவது திரும்ப வைக்க வேண்டும் என்ற எண்ணமாவது எழுத்தில் இருக்கிறது.

அந்த எண்ணம் சட்டத்தைவிடப் பழையது. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், மூலவராக அங்கே நிற்பது ஒரு கல்தூண். மங்கான் படையாட்சியின் மாடு காணாமல்போய், தேடிப்போனபோது புதருக்குள் கிடந்த தூணின்மேல் அது பால் சொரிந்துகொண்டிருந்தது என்பது தலக்கதை. விளைந்ததில் ஒரு பங்கைச் சுற்றுவட்டார விவசாயிகள் இன்றைக்கும் அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நெல், கம்பு, கடலை, எள். கன்றுக்குட்டி நேர்ந்து விடுகிறார்கள். மண் கொடுத்ததில் மண்ணின் ஆளுக்கு ஒரு மரக்கால். யாரும் ரசீது கேட்பதில்லை.

ஒரு மனிதரின் பதினான்கு வருஷக் கண்ணை எடுத்துக்கொண்ட நான் எங்கே எதைக் கொட்டினேன்?

பழகுநர் சட்டம் என்று ஒன்று 1961 முதலே இருக்கிறது, இப்போதைய விதிப்படி முப்பது பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடங்களில் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை பேருக்குத் தொழில் பழக்க வேண்டும் என்று. மூன்று பேர் உட்காரும் என் அலுவலகத்தை அது தொடாது. தொடுகிற இடங்களிலும் அதை ஒரு படிவ வேலையாகத்தான் பல முதலாளிகள் பார்க்கிறார்கள், அவர்களில் சிலருக்கு நான்தான் படிவம் நிரப்பித் தருகிறேன். விதிக்காக இல்லாமல் செய்தவர்கள் என்று தேடினால் தமிழ்நாட்டில் சட்டென்று நினைவுக்கு வருவது ஜோஹோ மென்பொருள் நிறுவனம். பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், மேற்கொண்டு உதவித்தொகையும் கொடுத்து, நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வேலைக்கும் எடுக்கிற பள்ளியை இருபது வருஷமாக நடத்துகிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பேசுவதெல்லாம் எனக்கு ஏற்பு என்று சொல்ல மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்ததைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையே உண்டு. இனி நிரலையும் இயந்திரமே எழுதும் என்கிற காலத்தில் அந்தப் பள்ளி என்ன கற்றுக்கொடுக்கப்போகிறது என்பதைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் இடிபடுவது ஏணியின் அடிப்படிதான். ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2025 ஆகஸ்டில் வந்த ஒரு கணக்கு, செயற்கை நுண்ணறிவு அதிகம் நுழைந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருப்பதாகச் சொல்கிறது. அமெரிக்கக் கணக்கு அது. எங்கள் தெருக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. ரசீதை அடுக்குவது, தாளைப் பார்த்து ஏற்றுவது, கூட்டிச் சரிபார்ப்பது என்று அலுப்பூட்டும் வேலைகளைத்தான் முதலில் இயந்திரத்திடம் தள்ளுகிறோம். அந்த அலுப்புக்குள்தான் என் உதவியாளர் கழுத்து வளையாத ஏழைக் கண்டுபிடித்தார். நானும் முப்பது வருஷம் முன்னால் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் ஒட்டித்தான் தொழில் கற்றேன். ஆறு மாதம் பசை நாற்றம். எந்தக் கடைக்காரர் எந்த மாதம் பொய் எழுதுவார் என்பது ஏழாம் மாதம் தாளைத் தொட்டாலே தெரிந்துவிட்டது.

இதற்கு எதிராகவும் பேச இருக்கிறது, பேசாமல் விடுவது நேர்மையில்லை. நான் முன்னால் சொன்ன வாடிக்கையாளர் சேவை ஆய்விலேயே இன்னொரு விஷயம் உண்டு. கருவி இயங்காமல் நின்றுபோன நேரங்களிலும், அதனோடு பழகியிருந்த புதியவர்கள் பழையபடி சரிந்துவிடவில்லை. அதனிடமிருந்து எதையோ கற்றிருந்தார்கள். அப்படியானால் இயந்திரம் வாத்தியாராகவும் இருக்க முடியும். போலந்து நாட்டில் வேறு மாதிரி நடந்தது. குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அனுபவமுள்ள மருத்துவர்களே கட்டியைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-ஆக இறங்கியது. லான்செட் குழும இதழில் 2025-இல் வந்த ஆய்வு. ஓர் இடத்தில் கற்றார்கள், ஓர் இடத்தில் மறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லட்டும். என் அனுபவத்தில், முதலில் மனிதன் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் கேட்கிறானா, இயந்திரம் சொன்னதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறானா என்கிற அந்த வரிசையில் நிறைய இருக்கிறது. தலையாட்டுவது எனக்குப் பழக்கமாக மூன்றே மாதம்தான் ஆனது.

டிரைவர் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்திருந்தாள். பி.காம். முடித்தவள், கோயில் பக்கம் வீடு. எங்கள் அலுவலகத்தில் ஆள் தேவையில்லை, எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது என்றேன். அவள் உடனே போய்விடவில்லை.

"அப்ப கம்ப்யூட்டர் சரியாப் பார்த்துச்சான்னு யாரு சார் பார்க்கறது?"

"நான்தான்மா."

"உங்களுக்கு யாரு சார் சொல்லிக் கொடுத்தது?"

வாய்த்துடுக்கு என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை, திருப்பூர் போனை வைத்த கையோடு அவள் எண்ணைத் தேடினேன். விண்ணப்பத் தாளை நல்லவேளையாகக் குப்பையில் போட்டிருக்கவில்லை.

இப்போது நடைமுறை இதுதான். காலையில் வந்ததும் தாள்களை அவள் முதலில் படிக்கிறாள். தனக்குப் பட்ட எண்களைத் தனியாக எழுதிவைக்கிறாள். அதன்பிறகுதான் மென்பொருளுக்குப் படம் போகும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் சிவப்பு மை. சிவப்பு மை விழுந்த இடத்துக்கெல்லாம் அவள் தாள் எழுதியவருக்கே போன் போடுகிறாள். முதல் வாரம் அவரிடம், ஏழுக்குக் கொஞ்சம் கழுத்து வைத்து எழுதுங்கள் அண்ணே என்று கெஞ்சியிருக்கிறாள். முப்பது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன், ஒரு பயலும் சொன்னதில்லை என்றாராம். இன்றுவரை மாற்றவில்லை.

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சம்பளம் ஒன்று கூடியிருக்கிறது. ஒன்பது டிரைவர்களுக்கும் விட்டுப்போனதைக் கையிலிருந்து போட்டேன். ஓனர்களில் ஒருவர், நீங்கள் ஏன் இதைக் கிளறுகிறீர்கள் என்றார். இரண்டு வாடிக்கையாளர்கள் குறைந்த கட்டணத்துக்குச் செய்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே முழுக்க மென்பொருள்தான், வேலையும் சீக்கிரம் முடிகிறது. இதை எத்தனை வருஷம் என்னால் தாங்க முடியும் என்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

திருப்பூருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை அனுப்புகிறேன். அவள் என் பழைய உதவியாளருக்கு வாரம் இரண்டு தடவையாவது போன் செய்து எதையாவது கேட்கிறாள். முதல் மாதம் பணம் போனதும் கூப்பிட்டு, "எதுக்கு சார் இது?" என்றார். ராயல்டி என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். திருப்பி அனுப்பவில்லை.

அந்த டிரைவர் மாதக் கடைசியில் நோட்டோடு வருவதை நிறுத்தவில்லை. நானும் வராதீர்கள் என்று சொல்லவில்லை. போன மாதம் வந்தபோது அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து தாளையும் நோட்டையும் தேதி தேதியாக ஒத்துப்பார்த்தார்கள். பதினெட்டாம் தேதியில் அவள் நின்றாள்.

"அண்ணே, நீங்க ஆறுன்னு போட்டிருக்கீங்க. தாள்ல ஏழு இருக்கு. ஒரு நடை விட்டுட்டீங்க."

அவர் நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அன்றைக்கு மழை, நாலு மணிக்குமேல் டிபன் சாப்பிடாமல் ஒரு லோடு அடித்தேன், அதுவாகத்தான் இருக்கும் என்றார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் குறுக்குக்கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டார்.